ஏசுவிடம் மேல்முறையீடு

போப்பின் தீர்ப்புக்கு மேலும் ஒரு தீர்ப்பு உண்டோ? உண்டு என்றார் ஜான் ஹஸ்! பொஹீமியாவின் பிராகு நகரிலே, லத்தீனை விடுத்து, மக்கள் பேசிய செக் மொழியில் போதித்த பாதிரி.

அன்று போப் பட்டத்துக்கு உரிமை கொண்டாடியோர் மூவர்! அவருள் ஒருவரான இருபத்து மூன்றாம் ஜான், போர்ச் செலவுக்குப் பணம் தேடி, 1412-ல் பாவமன்னிப்புச் சீட்டுகளை விற்கச் செய்தார். ஹஸ் எதிர்த்தார், சபையினின்று விலக்கினர். ரோமாபுரியில் நீதி கிடைக்காதெனக் கண்டவர், ஏசுவையே நீதிபதியாக்கி மேல்முறையீடு எழுதி வெளியிட்டார்! நாம் ஏசுவிடம் முறையிடுவோர் அல்லோம். எனினும், இடையில் குருமார் எதற்கு என்று கேட்ட அந்தத் துணிவு நம் நெஞ்சைத் தொடுகிறது.

1414-ல் கான்ஸ்டன்ஸ் நகரத் திருச்சபை மாநாட்டுக்கு அழைத்தனர். பாதுகாப்பு முறி தந்தார் மன்னர் சிகிஸ்மண்ட். நம்பிச் சென்றார், சிறையிலிட்டனர்! மன்னரின் முத்திரை மதபீடத்தின்முன் மண்டியிட்டது.

மறுத்துரைத்தால் உயிர் பிழைக்கலாம் என்றனர். அவர் சொல்லாதவற்றையும் சொன்னதாகச் சுமத்தியிருந்தனர். கொள்ளாத கருத்தைக் கைவிட்டதாகக் கூறுவது பொய்யன்றோ என மறுத்தார் ஹஸ். ஒரு பொய், ஒரே ஒரு பொய் போதும், உயிர் மிஞ்சியிருக்கும்!

வேடிக்கை கேளீர்! சீட்டு விற்ற ஜானை, குற்றம் பல சாட்டி, 1415 மே 29-ல் அதே மாநாடு பதவி நீக்கிற்று. அவரை எதிர்த்தவரையோ, ஜூலை 6-ல், பேயுருவம் தீட்டிய காகிதக் குல்லாய் சூட்டி எரிக்க அனுப்பிற்று. சாம்பலையும் விட்டாரில்லை, ரைன் ஆற்றில் எறிந்தனர். 1999-ல் போப் இரண்டாம் ஜான்பால் அந்தக் கொடுமைக்கு வருத்தம் தெரிவித்தார், 584 ஆண்டுகள் கழித்து!