ஆட்கொணர்வு மனுவை உரிய நீதிமன்றத்துக்கு மாற்றுதல் (அமெரிக்கா)

ஒரு கைதியின் ஆட்கொணர்வு மனு தவறான நீதிமன்றத்தில் தாக்கலானால், அதைத் தள்ளுபடி செய்யாமல், விசாரிக்கும் அதிகாரமுள்ள நீதிமன்றத்துக்கு அனுப்பிவைக்கும் அமெரிக்கக் கூட்டாட்சி நடைமுறை இது. அந்நாட்டில் 94 கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றங்கள் இருக்கின்றன. வழக்கறிஞர் இல்லாமல் சிறைக்குள்ளிருந்து தாமே மனு எழுதுவோருக்கு இவற்றுள் எது தமக்குரியது என்று தெரியாமல் போவதில் வியப்பில்லை.

எந்த நீதிமன்றம் என்பது காவலின் தன்மையைப் பொறுத்தது. மாநில நீதிமன்றத் தண்டனையை எதிர்ப்பவர், தாம் அடைக்கப்பட்டுள்ள மாவட்டத்தில் மனுச் செய்யலாம். கலிஃபோர்னியா, டெக்சாஸ் போலப் பல மாவட்டங்கள் கொண்ட மாநிலமானால் தண்டனை விதிக்கப்பட்ட மாவட்டத்திலும் செய்யலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மனுவை மாற்ற நீதிபதிக்கு விருப்புரிமை உண்டு. சாட்சிகளும் ஆவணங்களும் இருக்கும் இடம் என்பதால், தீர்ப்பையே எதிர்க்கும் மனுக்கள் பெரும்பாலும் தண்டனை விதித்த மாவட்டத்துக்கே போய்ச் சேரும். கூட்டாட்சிக் கைதிகளின் நிலை வேறு. பெரிய சிறைகள் அமைந்த சில மாவட்டங்களில் மனுக்கள் குவிந்ததால், தண்டனை அளித்த நீதிமன்றத்திலேயே முறையிடும் வழியை 1948இல் நாடாளுமன்றம் வகுத்தது.

மனுவை மாற்றுவதா, தள்ளுபடி செய்வதா என்ற கேள்வி 1996க்குப் பிறகு கைதிக்கு வாழ்வா சாவா என்றாகிவிட்டது. அவ்வாண்டின் சட்டம் இம்மனுக்களுக்கு ஓராண்டுக் காலவரம்பு விதித்தது. கூட்டாட்சி நீதிமன்றத்தில் மனு நிலுவையிலிருக்கும் நாட்களுக்கு அந்த வரம்பில் கழிவு கிடையாது என்று 2001இல் டங்கன் எதிர் வாக்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே மனு தள்ளுபடியானால் மறுபடி தாக்கல் செய்வதற்குள் கெடு முடிந்துவிடக்கூடும். கூட்டாட்சி நீதித்துறைச் சட்டத்தொகுப்பில் 1982இல் வந்த 1631ஆம் பிரிவு இதற்கு மருந்து: நீதியின் நலன் கருதி மாற்றப்படும் மனு, முதலில் தாக்கலான நாளிலேயே புதிய நீதிமன்றத்தில் தாக்கலானதாகக் கொள்ளப்படும். முன்அனுமதி பெறாமல் போடப்படும் இரண்டாம் மனுக்களையும் பல வட்டாரங்களில் இப்படியே, அந்த அனுமதியை வழங்கும் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அனுப்புகிறார்கள்.

கைதியை இடம் மாற்றினால் மனுவும் பின்தொடர வேண்டுமா? வேண்டியதில்லை என்றது 1944ஆம் ஆண்டின் எண்டோ தீர்ப்பு. ஜப்பானிய வம்சாவளியினரான மிட்சுயே எண்டோ, மனுச் செய்தபின் கலிஃபோர்னியாவிலிருந்த போர்க்காலத் தடுப்பு முகாமிலிருந்து யூட்டா முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். ஆனாலும் கலிஃபோர்னிய நீதிமன்றத்தின் அதிகாரம் போய்விடவில்லை. மனு தாக்கலாகும் நேரத்தில் கைதி எங்கே இருக்கிறார் என்பதே அளவுகோல். பயங்கரவாதச் சந்தேகத்தில் ராணுவக் காவலில் வைக்கப்பட்ட ஹோசே பதியாவுக்கு அந்த அளவுகோலே பாதகமாயிற்று. அவர் தென் கரோலினாவின் கடற்படைச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டபின் நியூயார்க்கில் மனு தாக்கலானது. எதிர்மனுதாரர் பாதுகாப்புச் செயலர் ரம்ஸ்ஃபெல்ட் அல்ல, சிறையின் தளபதியே, ஆகவே மனு அங்குதான் தாக்கலாகியிருக்க வேண்டும் என்று 2004இல் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் கூறியது. இரண்டாண்டு வழக்காடியும் காவல் சட்டப்படி சரியா என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. அவர் தென் கரோலினாவில் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது.

இதே கேள்வி 2025இலும் எழுந்தது. அவ்வாண்டு மார்ச்சில் மாசசூசெட்ஸில் கைதான துருக்கிய ஆய்வு மாணவி ஒருவரின் மனு, அவரை வெர்மான்ட் வழியே கொண்டுசென்றுகொண்டிருந்த வேளையில் மாசசூசெட்ஸில் தாக்கலானது. மறுநாள் அவர் லூசியானாவுக்கு அனுப்பப்பட்டார். மனுவைத் தள்ளுபடி செய்ய வேண்டும், இல்லையேல் லூசியானாவுக்கு மாற்ற வேண்டும் என்று அரசு வாதாடியது. மாசசூசெட்ஸ் நீதிபதி இரண்டையும் ஏற்காமல், ஏப்ரல் 4 அன்று வழக்கை வெர்மான்ட்டுக்கு மாற்றினார். மே 9 அன்று வெர்மான்ட் நீதிமன்றம் அவரைப் பிணையில் விடுவித்தது.