நீலகிரிச் சதுப்புகளின் மகரந்தச் சான்று

நீலகிரி மலையுச்சிப் புல்வெளிகள், மனிதர் சோலைக்காடுகளை எரித்தமையால் உருவானவை என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது. இதனை ஆராய எழுத்துச் சான்றில்லை. சதுப்புகளில் அடுக்கடுக்காய்ப் படிந்த மகரந்தத் துகள்கள் உள்ளன. ஆயின், அவற்றின் எண்ணிக்கையைக் காட்டின் பரப்பாகக் கொள்ளலாகாது. புல்லின் மகரந்தம் காற்றில் பெருமளவு பரவும். பூச்சிகளை நம்பிப் பூக்கும் சோலை மரங்களோ குறைவாகவே உகுக்கும். ஆகவே, மரத்தின் மகரந்தம் அருகியிருப்பது மட்டுமே காடு அருகியமைக்குச் சான்றாகாது.

1993இல் இராமன் சுகுமாரும் குழுவினரும், பூக்கும் முறையைச் சாராத கரிம ஓரிடத்தான்களை அச்சதுப்புகளில் ஆய்ந்து, ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே புல்லினம் அங்கு மேலோங்கியிருந்ததைக் காட்டினர். அது வேளாண்மைக்கு முந்திய காலம். எனவே, புல்வெளியின் தோற்றத்திற்கு மலைவாழ் மக்களைக் குற்றஞ்சாட்டுதல் பொருந்தாது. ஒரு சான்றின் மௌனத்தை மற்றொன்றால் சோதித்தறிவதே வரலாற்று முறை என்பதை நாம் இங்குக் காண்கிறோம்.