பெருங்குடல் மீது நடந்த விசாரணை

உடலுக்குள்ளேயே அந்நியரைக் கண்டுபிடித்த கதை இது. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் மெச்னிகாஃப் (1908இல் நோபல் பரிசு பெற்றவர்), முதுமைக்கே காரணம் பெருங்குடலில் அழுகலை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் என்றார். அவர் சொன்ன மருந்து புளித்த பால். சாதுவான மருந்துதான், தானும் தினம் குடித்தார், 1916இல் 71 வயதில் இறந்தார். அதே காலத்தில் லண்டன் கைஸ் மருத்துவமனையின் அர்பத்நாட் லேன், மலச்சிக்கல் என்று வந்தவர்களின் பெருங்குடலையே அறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். பெரும்பாலோர் பெண்கள். சிலர் பிழைக்கவில்லை. 'சுத்தம்' என்ற சொல்லைக் கேட்டாலே கத்தி யார் உடம்பில் இறங்கப்போகுது என்று எனக்குக் கேட்கத் தோணும்.

கதை தலைகீழானது பிறகு. ஆன்டிபயாடிக்கால் குடல் பாக்டீரியாக்கள் அழிந்துபோனவர்களை கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமி திரும்பத் திரும்பத் தாக்கி, பேதியில் வதைக்கும். ஆம்ஸ்டர்டாம் மருத்துவர்கள் அப்படிப்பட்ட 16 பேருக்கு, ஆரோக்கியமானவர்களின் மலத்தைக் கரைத்துக் குடலுக்குள் செலுத்தினார்கள். 13 பேர் ஒரே தடவையில் குணமானார்கள். வான்கோமைசின் மட்டும் கொடுத்த 13 பேரில் நாலு பேர்தான். 2013இல் முடிவு வெளியானது. எது அழுக்கு என்று விலக்கப்பட்டதோ அதுவே மருந்து.

இப்போது 'நல்ல பாக்டீரியா' என்று பாட்டிலில் விற்கிறார்கள். நல்லது/கெட்டது என்ற அந்த இருமை எதிர்வு எங்கேயும் போகல. டிஃபிசிலோ, எத்தனையோ கைக்குழந்தைகளின் குடலில் ஒரு தீங்கும் செய்யாமல் குடியிருக்கிறது.