ஈயக் குண்டின் பிசுக்கு

ஓட்டப்பிடாரம் வட்டத்தில் இரண்டு ஊர்கள் துப்பாக்கிச் சத்தத்தால் வரலாற்றில் ஏறியவை. ஒன்று பாஞ்சாலங்குறிச்சி. 1799-லும் 1801-லும் கிழக்கிந்தியக் கும்பினிப் படையோடு மோதிய பாளையத்தின் கோட்டை அங்கே இருந்தது. மற்றொன்று மணியாச்சி. 1911 ஜூன் 17-ஆம் நாள் அந்த ரயில் சந்திப்பில் வாஞ்சிநாதன் ஆட்சியர் ஆஷைச் சுட்டுக் கொன்றார். இரண்டு நிகழ்ச்சிகளையும் பற்றி நிறைய எழுதியாகிவிட்டது. ஆனால் சுட்டவனைப் பற்றியும் சுடப்பட்டவனைப் பற்றியும் எழுதிய நாம், குண்டை யார் செய்தார்கள், அதன்மேல் எதைப் பூசினார்கள் என்று கேட்பதே இல்லை. அந்தக் கேள்வியை எழுப்பினால், இரண்டுக்கும் நடுவில் வரும் 1857 சிப்பாய்க் கிளர்ச்சியின் தோட்டாக் கொழுப்புத் தகராறு வேறு மாதிரி தெரியத் தொடங்குகிறது. அதை வெறும் சமய உணர்ச்சி என்று ஒதுக்குவது தவறு. குண்டு செய்யும் வேலை அதைச் சுடுகிறவனின் கையையும் கண்ணையும் விட்டு எங்கோ ஒரு கிடங்குக்குப் போய்விட்டது. அந்தத் தொலைவில் பிறந்த தகராறு அது.

பாஞ்சாலங்குறிச்சிக் காலத்துத் துப்பாக்கிக்குக் குண்டு செய்வது எளிது. ஈயம் 327 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகிவிடும். கரி அடுப்பும் துருத்தியும் போதும். அச்சில் ஊற்றி, ஆறியதும் பிசிறை அறுத்துவிட்டால் குண்டு தயார். வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்தது மருந்து. இவற்றில் ஈயமும் கந்தகமும் இந்தக் கரிசல் காட்டில் கிடைப்பவை அல்ல, வெளியிலிருந்து வரவேண்டும். தூத்துக்குடித் துறையோ கூப்பிடு தூரம். 1783-இல் கர்னல் ஃபுல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சியைப் பிடித்தபோது கோட்டைக்குள் துப்பாக்கிகளும் மருந்தும் குண்டுகளும் இருந்தன. கூடவே, கொழும்பு டச்சுக்காரர்களோடு பாளையம் செய்துகொண்ட ஒப்பந்தமும் சிக்கியது. பாளையக்காரரின் பலம் ஈட்டியில்தான் இருந்தது, துப்பாக்கியில் அல்ல என்று ஒருவர் மறுக்கலாம். நீண்ட ஈட்டிகளே அவர்களுடைய முதன்மைப் படைக்கலம் என்பது மெய்தான். 1801 மார்ச் 31-ஆம் நாள் மேஜர் மெக்காலேயின் தாக்குதல் முறிந்ததற்கு மண் மதிலின் மேல் நின்ற ஈட்டிக்காரர்கள் பெரிய காரணம். அந்தப் போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் தம் நினைவு நூலில் அவர்களை மதிப்போடு குறிப்பிடுகிறார். ஆனாலும் மதிலுக்குள் துப்பாக்கியும் மருந்தும் இருந்தன. எதிரியின் மருந்துக் கிடங்கைப் பாஞ்சாலங்குறிச்சிப் படைவீரர் சுந்தரலிங்கம் தீக்கிரையாக்கினார் என்று இந்தப் பகுதி மக்கள் இன்றும் போற்றுவது, மருந்தின் அருமையை அவர்கள் அறிந்திருந்ததையே காட்டுகிறது.

அந்தக் குண்டுக்குப் பிசுக்கு வேண்டியதில்லை. கும்பினிச் சிப்பாயின் பழைய துப்பாக்கியையே எடுத்துக்கொள்வோம். குழலின் விட்டம் ஏறத்தாழ முக்கால் அங்குலம். குண்டு அதைவிடச் சிறியது. வாய்வழியே போட்டால் தானே உருண்டு இறங்கும். கரிமருந்து எரிந்தால் அதன் எடையில் பாதிக்கு மேல் புகையும் கரியுமாக மாறும்; அதில் ஒரு பகுதி குழலில் படியும். இடைவெளி இருப்பதால் பல வேட்டுக்குப் பிறகும் குண்டு உள்ளே போகும். குறி தவறும், அவ்வளவே. குழலின் உட்சுவரில் திருகுபோல் வரிப்பள்ளம் வெட்டிய பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. குண்டு பள்ளத்தைப் பற்றிச் சுழன்றால்தான் குறி தப்பாது. பற்ற வேண்டுமானால் இறுக்கம் வேண்டும். இறுக்கம் வந்தால் கரி அடைக்கும், ஈயம் குழலில் ஒட்டும். அதற்குத்தான் மெழுகும் எண்ணெயும் கொழுப்பும். மருந்தில் பிறந்த நோய்க்குப் பூசிய மருந்து, தானே இன்னொரு நோயானது. கொழுப்பு வெயிலில் உருகிக் காகிதத்தில் ஊறும், மருந்தை நனைக்கும். நாள்பட்டால் புளித்து ஈயத்தை அரித்து வெள்ளையாகப் பூக்கவைக்கும். அப்படிப் பூத்த குண்டு குழலுக்குள் இறங்க மறுக்கும். அமெரிக்காவில் இன்று வீட்டிலேயே ஈயக் குண்டு வார்த்து, சுட்ட தோட்டாக் கூட்டை மறுபடி நிரப்புகிறவர்களுக்கும் இதே தொல்லைதான்: மெழுகுப் பிசுக்கு மேலே நின்றுவிட்டால் தூசும் மணலும் ஒட்டிக்கொள்ளும், துடைத்தெடுக்க வேண்டும். அவர்களுக்கும் 1857-இன் சிப்பாய்க்கும் உள்ள வேறுபாடு ஒன்றே. தாம் துடைப்பது என்னவென்று அவர்களுக்குத் தெரியும்.

என்ஃபீல்டு துப்பாக்கி 1853-ஆம் ஆண்டின் வடிவம். அதன் தோட்டா ஒரு காகிதச் சுருள்: ஒரு முனையில் மருந்து, மறு முனையில் குண்டு, குண்டைச் சுற்றிய காகிதத்தில் கொழுப்பு. முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் கொட்டி, குண்டைக் காகிதத்தோடு குழலில் தள்ள வேண்டும். அந்த ஆண்டே கொழுப்புத் தோட்டாக்கள் சோதனைக்காக இந்தியாவுக்கு வந்தன. கல்கத்தா, கான்பூர், ரங்கூன் ஆகிய இடங்களில் சிப்பாய்களின் இடுப்புப் பைகளிலேயே கிடந்தன. எதற்கான சோதனை? வெயிலிலும் ஈரத்திலும் கொழுப்பு நிற்குமா என்று பார்க்க. பையைச் சுமந்த மனிதனிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. கர்னல் டக்கர் ஒருவர் மட்டும் அந்த ஆண்டு டிசம்பரிலேயே, எந்தச் சாதியாருக்கும் ஒவ்வாத கொழுப்பு இதில் இல்லை என்று உறுதியாகத் தெரியும்வரை இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று எழுதினார். எழுத்து கோப்பில் உறங்கியது. பிறகு கல்கத்தா ஆயுதச்சாலைக்குக் கொழுப்பு வாங்கியபோது, அது எந்த விலங்கின் கொழுப்பாக இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு சொல்லும் இல்லை. இந்த வரலாற்றில் என்னை மிகவும் உறுத்துவது இந்த இடம். கொழுப்பு வெயிலில் நிற்குமா என்று மூன்று நகரங்களில் வைத்துப் பார்க்க அரசுக்குப் பொறுமை இருந்தது. அது எதன் உடலிலிருந்து வந்தது என்று ஒரு வரி எழுத மனமில்லை.

1857 ஜனவரியில், தோட்டாவில் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் இருப்பதாகத் தம்தம் முகாமிலிருந்து செய்தி பரவியபின், அந்த மாத இறுதியிலேயே அரசு இறங்கி வந்தது. சிப்பாய்கள் தாங்களே மெழுகும் எண்ணெயும் வாங்கிப் பூசிக்கொள்ளலாம் என்றது. தீர்வு கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அதற்குள் சந்தேகம் கொழுப்பிலிருந்து காகிதத்துக்குத் தாவிவிட்டது. பிப்ரவரியில் பாரக்பூர் விசாரணையில் சிப்பாய்கள் காகிதத்தின் பளபளப்பைக் காட்டினார்கள். எரித்தால் கொழுப்புபோல் சீறுகிறது என்றார்கள். அவர்கள் செய்தது மூடத்தனமான புலம்பல் அல்ல. பொருளின் கலவையைச் சொல்ல ஆளில்லாதபோது தீயையும் கண்ணையும் வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள்.

கொழுப்பெல்லாம் சாக்கு, உண்மையான காரணம் நிலமும் படிப்பணமும் பறிபோன அரசுகளும்தான் என்பது வலுவான மறுப்பு. மீரட்டில் ஏப்ரல் 24-ஆம் நாள் 85 குதிரைவீரர்கள் மறுத்த தோட்டாக்கள் பழைய வகையே, புதிய கொழுப்புத் தோட்டாக்கள் அல்ல என்பது அதற்கு இன்னும் வலு சேர்க்கும். மற்றக் காரணங்களை நான் குறைக்கவில்லை. ஆனால் பழைய தோட்டாவையும் நம்ப முடியாமல் போனதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. செய்யுமிடம் கண்ணுக்கு மறைந்தபின் எந்தத் தோட்டாவும் ஐயத்துக்குரியதே. வேலூர்ச் சிப்பாய்க் கிளர்ச்சியைச் சுட்டி, 1806 ஜூலை 10-இல் அங்கே கொழுப்பு எங்கே இருந்தது என்றும் கேட்கலாம். அங்கே இருந்தது புதிய தலைப்பாகையின் தோல் குஞ்சம். எந்த விலங்கின் தோல் என்று சொல்லாமலே அதையும் தலையில் வைக்கச் சொன்னார்கள். அரை நூற்றாண்டு கழித்து அதே தவற்றை வாயருகே செய்தார்கள்.

பின்பு அரசு என்ன செய்தது என்பதைப் பார்த்தால் வாதம் இன்னும் தெளிவாகும். போரின்போதே வெள்ளைப் படைகளும் வெயிலில் கெட்ட குண்டால் அவதிப்பட்டதால், குண்டின் விட்டம் 0.568 அங்குலத்திலிருந்து 0.55 ஆகக் குறைந்தது. கொழுப்பு போய்த் தேன்மெழுகு வந்தது. அதாவது சிப்பாய் ஏற்றுக்கொள்ளக்கூடிய பூச்சே தொழில் முறையிலும் சிறந்தது என்று தெரிந்தது. ஆனால் அதன் பயன் அவனுக்குக் கிடைக்கவில்லை. இந்தியப் படையினருக்கு வரிப்பள்ளம் இல்லாத, பார்வைக்கு மட்டும் என்ஃபீல்டு போன்ற துப்பாக்கி கொடுக்கப்பட்டது.

படைக்கலத்தைப் பறிக்கும் இந்த வேலை தெற்கில் முன்பே முடிந்திருந்தது. 1801 மே 24-இல் பாஞ்சாலங்குறிச்சி விழுந்தபின் கோட்டையை இடித்து உழுது ஆமணக்கு விதைத்ததாகச் சொல்வார்கள். அந்த டிசம்பரில் ஆளுநர் எட்வர்ட் கிளைவின் அறிவிப்பு, பாளையங்களின் கோட்டைகளையும் படைக்கலங்களையும் ஒழிக்க ஆணையிட்டது. 1878-இன் ஆயுதச் சட்டம் மருந்தையும் தோட்டாவையும் உரிமத்துக்குள் அடைத்தது. 1959-இன் சட்டப்படி இன்றும் உரிமமின்றித் தோட்டா செய்வது குற்றம். அந்தச் சட்டம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வீடு குண்டு வார்க்கும் நாடு எப்படியிருக்கும் என்பதை உலகம் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆனால் வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. வெளியிலிருந்து வந்த ஈயத்தைத் தானே குண்டாக வார்க்க முடிந்த வட்டாரத்தில், 110 ஆண்டு கழித்து எதிர்ப்புக்கான தோட்டாவே கடல் கடந்து வரவேண்டியிருந்தது.

நம் பள்ளிப் பாடங்கள் 1857-இன் தோட்டாத் தகராறைப் பெரும்பாலும் பசுக்கொழுப்பு, பன்றிக்கொழுப்பு என்ற ஒற்றை வரியில் முடிக்கின்றன. அந்த வரியைப் படிக்கும் பிள்ளைக்குச் சிப்பாய் ஏதோ புரளியை நம்பிய அப்பாவியாகத்தான் தெரிவான். பாடநூல் எழுதுகிறவர்கள் அதற்குப் பக்கத்தில் 1853-இன் மூன்று நகரச் சோதனையையும், டக்கரின் எச்சரிக்கையையும், கொழுப்பின் பெயரே இல்லாத அந்த ஒப்பந்தத்தையும் சேர்க்க வேண்டும்.