பனிக்குள் ஒரு பூதம்



புந்தோங் மாணவர்களுக்குப் பனி என்றால் ஐஸ் கச்சாங் கிண்ணத்தில் குவிந்திருப்பதுதான். எனினும், தென்துருவக் கதையொன்றை வகுப்பில் கூறியபோது ஒருவரும் அசையவில்லை. அமெரிக்கரான ஜான் காம்பெல் 1938-இல் எழுதிய 'ஹூ கோஸ் தேர்?' என்பதே அக்கதை.

பனிவெளியில் அடைபட்ட ஆய்வுக்குழுவினரிடையே வேற்றுலக உயிரொன்று புகுந்து, அவர்களுடைய உருவத்தையே எடுத்துக்கொள்கிறது. மனிதர் யார், பூதம் யார்? காய்ச்சிய கம்பியை ஒவ்வொருவரின் இரத்தத்திலும் தொட்டுச் சோதிக்கிறார்கள். 2002-இல் பிபிசி இக்கதையை வானொலி நாடகமாக்கியது. திரைப்படம் பூதத்தைக் காட்டிவிடும். வானொலியிலோ குரல் மட்டுமே. பேசுபவர் மனிதர்தாமா என்று கேட்பவரும் ஐயுற வேண்டும்.

இந்த ஐயத்தை நம் பேராக் மாநிலமும் அறியும். 1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்ட நிர்வாகிகள் மூவர் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. அவ்வாண்டே 12 வயதுக்கு மேற்பட்டோருக்கு அடையாள அட்டை கட்டாயமாயிற்று. 1950-இல் பிரிக்ஸ் திட்டம் வந்தபின் சுமார் 5 லட்சம் பேர் முள்வேலியிட்ட புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். காட்டிலிருந்தோருக்கு அரிசி கொண்டுசெல்பவர் அண்டை வீட்டாராகவும் இருக்கலாம் என்று வாயிலில் அனைவரையும் சோதித்தார்கள். முகம் மூடிய ஒற்றர் தலையசைத்தால் போதும், வரிசையில் நின்றவர் கைதாவார். (காட்டிலிருந்தோரும் மனிதரே, பூதங்கள் அல்லர். இதை மாணவர்களிடம் தனியே கூற நேர்ந்தது.)

"அட்டை இல்லாதவரை என்ன செய்தார்கள், ஐயா?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

அவளுடைய பாட்டியிடம் இன்றும் சிவப்பு அட்டைதான் இருக்கிறது.