லேபிலிருந்து வரும் போன்: அபாய எண்களின் கதை

2023 மே 13. மரக்காணத்துக்குப் பக்கத்தில் எக்கியார்குப்பம் என்ற மீனவர் குப்பம். அன்று அங்கே சாராயம் குடித்தவர்களுக்கு வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல் என்று ஆரம்பித்தது. புதுச்சேரி, முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிகளுக்கு ஆட்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே கதை. இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அது வழக்கமான கள்ளச்சாராயமே இல்லை, தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால் என்று பிறகு தடயவியல் சோதனை சொன்னது.

அந்தச் செய்திகளைப் படித்தபோது எனக்கு ஒரு கேள்வி வந்தது. தடயவியல் முடிவு வர நாளாகும். ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரில் கிடப்பவர் குடித்தது மெத்தனால் என்று டாக்டருக்கு யார் சொல்வது?

மெத்தனாலை நேரடியாக அளக்க வாயு நிறப்பகுப்பு மாதிரியான கருவி வேண்டும். பெரும்பாலான ஆஸ்பத்திரிகளில் அது கிடையாது. ஆனால் மறைமுகமாகச் சொல்லும் கருவி ஒன்று உண்டு. மெத்தனால் தானாகப் பெரிய விஷம் இல்லை. கல்லீரல் அதை ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. இதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் குடித்தவர் ராத்திரி நன்றாகப் படுத்துவிட்டு, காலையில் கண் தெரியாமல் எழுந்திருக்கிறார். அந்த அமிலம் ரத்தத்தில் சேரும்போது, 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் இருக்க வேண்டிய பி.எச். அளவு சரிகிறது. மணிக்கட்டுத் தமனியில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, ரத்த வாயுக் கருவியில் வைத்தால் சில நிமிடங்களில் எண் வந்துவிடும். 7.0, 6.9 என்று வந்தால், சாராயம் குடித்த ஆளிடம் அது மெத்தனாலின் கையெழுத்து மாதிரி. உடனே பைகார்பனேட், மாற்று மருந்து, டயாலிசிஸ் என்று ஓட வேண்டும்.

எண் கருவியில் வந்துவிட்டது, சரி. அது டாக்டரின் காதுக்கு எப்படிப் போகிறது? இந்தச் சின்ன தூரத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

பல காலம் லேபின் வேலை, சோதனை செய்து, தாளில் எழுதி, வார்டுக்கு அனுப்புவதோடு முடிந்தது. சாதாரண ரிப்போர்ட்டும் உயிர் போகிற ரிப்போர்ட்டும் ஒரே கட்டில், ஒரே பையனின் கையில் போகும். இதைக் கேள்வி கேட்டவர் ஜார்ஜ் லண்ட்பர்க், லாஸ் ஏஞ்சலஸ் நகரின் பெரிய அரசு ஆஸ்பத்திரியில் நோய்க்குறியியல் டாக்டர். 1960-களின் கடைசியில் நினைவிழந்த ஒரு நோயாளி அங்கே கொண்டுவரப்பட்டார். ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குக் கீழே இருந்தது. லேபில் முடிவு தயாராக இருந்தும் உரிய நேரத்தில் டாக்டருக்குப் போய்ச் சேரவில்லை. சர்க்கரைத் தண்ணீர் ஏற்றினால் போதும் என்கிற விஷயம் அது.

அதற்குப் பிறகு அவர் செய்தது எளிமையான காரியம். உடனே ஏதாவது செய்யாவிட்டால் உயிருக்கு ஆபத்து, செய்தால் காப்பாற்ற வழியுண்டு என்ற நிலையைக் காட்டும் எண்களை மட்டும் பொறுக்கி ஒரு பட்டியல் போட்டார். அவற்றில் ஒன்று வந்தால் தாள் போகும்வரை காத்திருக்கக் கூடாது, லேபே போன் பண்ணிச் சொல்ல வேண்டும். 1972-இல் இதைக் கட்டுரையாக எழுதினார். 'பேனிக் வேல்யூ' என்ற பெயர் அப்படித்தான் பரவியது. பேனிக் என்றால் பதற்றம். டாக்டர்கள் பதறக் கூடாது என்பதால் பின்னாளில் 'கிரிட்டிகல் வேல்யூ' ஆனது. நான் இங்கே அபாய எண் என்றே சொல்கிறேன்.

இதில் கவனிக்க வேண்டியது, பொறுப்பு இடம் மாறியது. அதுவரை 'ரிசல்ட் வந்துச்சா?' என்று கேட்க வேண்டியவர் டாக்டர். இப்போது 'வந்துடுச்சு, கேளுங்க' என்று துரத்திப் போய்ச் சொல்ல வேண்டியவர் லேப் ஊழியர்.

எந்த எண்ணிலிருந்து அபாயம்? இதற்கு உலகத்துக்கெல்லாம் பொதுவான கோடு கிடையாது. 1990-இல் அமெரிக்க மருத்துவ மையங்களின் பட்டியல்களைத் திரட்டிப் பார்த்த ஓர் ஆய்வில், சராசரியாக பொட்டாசியம் 2.8-க்குக் கீழே அல்லது 6.2-க்கு மேலே, சர்க்கரை 46-க்குக் கீழே அல்லது 484-க்கு மேலே போனால் போன் என்று இருந்தது. ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் தன் டாக்டர்களோடு பேசித் தன் கோட்டைப் போட்டுக்கொள்கிறது. கோடு மிகக் குறுகலாக இருந்தால் நாள் முழுக்க போன் அடிக்கும். கொஞ்ச நாளில் யாரும் எடுக்க மாட்டார்கள். அகலமாக இருந்தால் போன் வருவதற்குள் காரியம் முடிந்துவிடும்.

போன் பண்ணினால் மட்டும் போதுமா? 'பதினைந்து' என்று சொன்னது 'ஐம்பது' என்று கேட்டால்? அதனால் கேட்டவர் நோயாளியின் பெயரையும் எண்ணையும் திருப்பிச் சொல்ல வேண்டும் என்ற வழக்கம் வந்தது. 2004-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 822 அழைப்புகளைக் கவனித்தார்கள். 29-இல் கேட்டவர் தப்பாகக் கேட்டிருந்தார். அதாவது நூற்றுக்கு மூன்றரை. திருப்பிச் சொன்னதால் அவை அங்கேயே திருத்தப்பட்டன. செலவே இல்லாத ஒரு வைத்தியம்!

2003-இல் முதல் பதிப்பு வந்த ஐ.எஸ்.ஓ. 15189 என்ற பன்னாட்டுத் தரநிலை இந்த வழக்கத்தை விதியாக்கியது. அபாய எண் வந்தால் உடனே தெரிவிக்க வேண்டும். யார் சொன்னார், யாரிடம் சொன்னார், எந்தத் தேதி, எத்தனை மணி என்பதைப் பதிவு செய்ய வேண்டும். இந்தியாவில் என்.ஏ.பி.எல். சான்று வாங்கும் லேப்கள் இதன்படிதான் நடக்க வேண்டும். ஆனால் அந்தச் சான்று கட்டாயம் இல்லை. தமிழ்நாட்டில் லேப்களையும் சேர்த்துப் பதிவுக்குள் கொண்டுவரும் சட்டம் 1997-இல் வந்தது, அதற்கான விதிகள் வர 2018 ஆகிவிட்டது.

சரி, இனிமேல்தான் நம்ம ஊர்ச் சிக்கல். லண்ட்பர்க்கின் ஏற்பாடு வார்டில் படுத்திருக்கும் நோயாளிக்கானது. போனின் மறுமுனையில் ஒரு நர்ஸோ டாக்டரோ இருப்பார் என்ற நம்பிக்கையில் கட்டியது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், மரக்காணம் உப்பளங்களைத் தாண்டிப் போகிற வழியில் இருக்கும் சின்ன லேபுக்கு அப்படி ஒரு வார்டு கிடையாது. டாக்டர் ஒரு சீட்டில் எழுதித் தருகிறார். நோயாளி காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறார். சாயங்காலமோ மறுநாளோ கவரை வாங்கிக்கொள்கிறார். ரிப்போர்ட் இங்கிலீஷில். அபாய எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியோ தடித்த எழுத்தோ இருக்கும். அதைத்தான் 'சொல்லிவிட்டோம்' என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

உப்பளத்தில் உப்பு வாரிய என் சித்திக்கு இது நடந்தது. பிபி மாத்திரையில் நீர் பிரியும் மருந்தும் சேர்ந்திருந்தது. இரண்டு நாள் தலைசுற்றல், பேச்சில் தடுமாற்றம். சோடியம் 116. அந்த 1990 ஆய்வின் கோடே 120-தான். ரிப்போர்ட் மறுநாள் சாயங்காலம்வரை லேப் மேஜையில் இருந்தது. 'வந்து வாங்கிக்குவாங்கன்னு இருந்தோம்' என்றார்கள். தாமதமாகவேனும் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், சித்தி பிழைத்துக்கொண்டாள். நாள் முழுக்க உப்பு நடுவே நிற்பவளுக்கு உடம்பில் உப்பு இல்லை!

இது ஒருத்தி கதை என்று விட முடியாது. தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களிடம் செய்து 2023-இல் வெளியான ஆய்வில், சுமார் 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. வெயில், குறைவான தண்ணீர், ஒதுங்க இடமில்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்ப்பது எல்லாம் சேர்ந்த விளைவு. சிறுநீரகம் தளர்ந்தால் பொட்டாசியம் ஏறும். பொட்டாசியம் ஏறினால் வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாமலே இதயம் நிற்கலாம். லேபிலிருந்து வரும் போன் மிக அவசியமான மக்கள் இவர்கள்தான்.

லேப் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. கடலோரத்தில் எடுத்த ரத்தம் பெட்டியில், பைக்கில், பல கிலோமீட்டர் போகிறது. குலுங்கி சிவப்பணு உடைந்தால் பொட்டாசியம் பொய்யாக ஏறிக் காட்டும். பிரிக்காமல் வைத்த ரத்தத்தில் அணுக்களே மணிக்கு 5 முதல் 7 சதவீதம் சர்க்கரையைத் தின்றுவிடும். அதைத் தடுக்கத்தான் சாம்பல் நிற மூடி போட்ட குழாய். அதனால் 'இது நிஜமா?' என்று லேப்காரர் தயங்குவது புரிகிறது. ஆனால் தயங்கும் நேரத்தில் போன் பண்ணி, 'எண் இப்படி வருது, சாம்பிள் சந்தேகமா இருக்கு, ஆள் எப்படி இருக்காங்க?' என்று கேட்டுவிடலாம். ஆள் எப்படி இருக்கிறார் என்பது கருவிக்குத் தெரியாது, வீட்டுக்காரருக்குத் தெரியும்.

அபாயத்தை உரியவரிடம் உரிய நேரத்தில் சொல்வது லேபோடு முடிவதில்லை. எக்கியார்குப்பத்துக்கு அடுத்த வருடம், 2024 ஜூனில், கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மறுபடியும் மெத்தனால். முதல் சாவுகள் நடந்தபோது கள்ளச்சாராயம்தான் காரணம் என்று உறுதியாகவில்லை என்றே மாவட்ட நிர்வாகம் சொன்னது. கடைசியில் இறந்தவர்கள் 60-க்கும் மேல். மெத்தனால் உடம்பில் வேலை செய்யப் பல மணி நேரம் எடுத்துக்கொள்கிறது என்று மேலே சொன்னேன். அந்த மணி நேரங்கள்தான் எச்சரிக்கைக்கான அவகாசம். 'குடிச்சவங்க எல்லாரும் உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க' என்ற ஒரு செய்தி அதற்குள் போய்ச் சேர வேண்டும்.

சட்டமும் தரநிலையும் கடற்கரைவரை வந்து சேரும்வரை நாம் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. ரத்தம் கொடுக்கும்போது படிவத்தில் எடுக்கக்கூடிய ஒரு போன் நம்பரைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். நோயாளி உப்பளத்திலோ கடலிலோ இருப்பார் என்றால், கரையில் இருக்கும் ஒருவரின் நம்பர். 'ஏதாவது ஆபத்தா இருந்தா போன் பண்ணுவீங்களா?' என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்கிற ஆள் இருக்கிறார் என்று தெரிந்தால் சொல்லவும் ஆள் வரும். போன் வந்தால் எண்ணைத் திருப்பிச் சொல்லி, எழுதிக்கொண்டு, கவர் வரட்டும் என்று காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள்.