சாக்குப் பையும் மயக்க மருந்தும்

தொல்காப்பிய மரபியல் மூங்கா, வெருகு, எலி, அணில் ஆகியவற்றின் இளமைக்குக் 'குட்டி' என்னும் பெயரை உரிமையாக்குகின்றது. வெருகு என்பது காட்டுப் பூனை. அவ்வழக்கு வழுவாமல், நெகிரி செம்பிலான் தோட்டங்களில் வளர்ந்த நம் பிள்ளைகளும் 'பூனைக் குட்டி' என்றே சொல்கின்றனர். பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனைக்குத் தம்மை ஒப்பிட்டுக் கொண்டார் கம்பர். இலக்கியத்தில் இவ்வாறு இடம் பெற்ற இச்சிற்றுயிருக்கு, கத்தி வைக்க வேண்டிய நேரத்தில் மனிதன் என்ன செய்தான் என்பது தனி வரலாறு. அவ்வரலாற்றின் ஒரு முனை ஐதராபாத்து அரண்மனையில் இருக்கின்றது. மறுமுனை நம் லயத்து வாசலில் கிடந்த ஒரு கோணிச் சாக்கில் இருக்கின்றது.

சாக்கிலிருந்தே தொடங்குகின்றேன்.

போர்ட்டிக்சன் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவன் நான். எங்கள் லயத்தில் பூனை இல்லாத வீடு அரிது. சம்பளத்தன்று வாங்கி வைக்கும் அரிசிக்கு எலியிடமிருந்து காவல் அதுவே. ஆண் பூனை வளர்ந்து ஊர் சுற்றத் தொடங்கினால், இரவெல்லாம் சண்டையிட்டுக் காது கிழிந்து விடியற்காலையில் திரும்பும். அப்பொழுது, கன்றுகளுக்குக் காயடித்துப் பழகிய பெரியவர் ஒருவரை அழைப்பார்கள். அவர் பூனையைத் தலைகீழாகச் சாக்கினுள் இறக்குவார். பின்னங்கால்களும் வாலும் மட்டும் வெளியே தெரியும்படி இன்னொருவர் சாக்கின் வாயை இறுக்கிப் பிடித்துக் கொள்வார். சவர அலகு ஒன்று, மஞ்சள் கொஞ்சம், அடுப்புச் சாம்பல் கொஞ்சம், அவ்வளவே கருவிகள். வேலை முடியச் சில நிமிடங்களே ஆகும். ஆனால், சாக்கினுள்ளிருந்து எழுந்த அந்த ஓலத்தை எட்டு வயதில் கேட்ட எனக்கு இன்றும் அது காதை விட்டு அகலவில்லை. எங்கள் பூனை நான்கு நாள்கள் வீட்டின் அடியை விட்டு வெளிவரவில்லை. அதன் பின்னரும், என் தாயார் சாக்கை உதறும் ஓசை கேட்டால் போதும். வேலியைத் தாண்டி ஓடிவிடும்.

அப்பெரியவரைக் கொடியவர் என்று நான் எழுத மாட்டேன். பூனைக்குச் சோறு வைக்காமல் உண்ணாதவர் அவர். வேறு வழி அவருக்கு யாரும் காட்டவில்லை என்பதே உண்மை. நாகரிகத்தில் முந்தியதாகச் சொல்லிக் கொண்ட இங்கிலாந்திலும் நாட்டுப்புறத்தார் பூனையை நீண்ட தோல் காலணிக்குள் தலைகீழாக நுழைத்து இதே வேலையைச் செய்து வந்தனர். சாக்குக்குப் பதில் காலணி, வேறுபாடு அவ்வளவுதான்.

மனிதனுக்கே நோவற்ற அறுவை நெடுங்காலம் கிட்டவில்லை. 1846 அக்டோபர் 16ஆம் நாள் பாஸ்டன் நகர மருத்துவமனையில் மார்ட்டன் என்பவர் ஈதர் ஆவியால் நோயாளி ஒருவரை மயக்கிக் காட்டினார். அடுத்த ஆண்டு நவம்பரில் எடின்பரோவில் சிம்சன் குளோரோபாரத்தை அறிமுகப்படுத்தினார். அதே 1847இல் இலண்டனில் எட்வர்ட் மேகியூ என்னும் கால்நடை மருத்துவர் நாய்களுக்கும் பூனைகளுக்கும் ஈதர் கொடுத்துப் பார்த்தார். அவை கத்தியதையும் துள்ளியதையும் கண்டு, இம்முறையால் விலங்குக்கு நன்மை உண்டா என ஐயுற்றார். பூனையின் மயக்க வரலாறு இவ்வாறு ஐயத்திலேயே தொடங்கியது.

மனிதர் வரலாற்றிலும் விரைவில் இருள் படிந்தது. 1848 சனவரி 28ஆம் நாள், நியூகாசல் நகரை அடுத்த சிற்றூரில் ஹன்னா கிரீனர் என்னும் பதினைந்து வயதுச் சிறுமி, கால்விரல் நகத்தை எடுப்பதற்காகக் கொடுக்கப்பட்ட குளோரோபாரத்தால் சில நிமிடங்களில் மாண்டாள். நகத்துக்காக ஓர் உயிர்! அவளுக்குப் பின் உலகெங்கும் இத்தகைய சாவுகள் தொடர்ந்தன. மாண்டவர்களில் பலர் நல்ல உடல்நலம் உடையவர்கள். மிகச் சிறிய அறுவைக்கு வந்தவர்கள். அறுவையை எண்ணி நடுங்கியவர்கள். நின்றது மூச்சா, இதயமா? இவ்வினா மருத்துவ உலகை அரை நூற்றாண்டுக்கு மேல் இரு கட்சியாகப் பிரித்து வைத்தது.

இங்கேதான் ஐதராபாத்து வருகின்றது. அங்கு ரெசிடென்சி மருத்துவராகவும் மருத்துவப் பள்ளித் தலைவராகவும் இருந்தவர் எட்வர்ட் லாரி. "மூச்சை மட்டும் கவனியுங்கள், இதயத்துக்கு ஆபத்தில்லை" என்பது அவருடைய கட்சி. ஆறாம் நிஜாம் மகபூப் அலிகான் பொருளுதவி செய்ய, 1888இல் முதல் குளோரோபாரம் ஆய்வுக்குழு அமைந்தது. இலண்டன் 'லான்செட்' இதழ் அதன் முடிவை ஏற்க மறுத்தது. உடனே நிஜாம், "நீங்களே ஒருவரை அனுப்புங்கள், ஆயிரம் பவுன் தருகின்றேன்" என்று முன்வந்தார். அவ்வாறு 1889இல் வந்து சேர்ந்தவர் லாடர் பிரன்டன் என்னும் புகழ்பெற்ற அறிஞர். வரும்போது அவர் இதயக் கட்சி. நூற்றுக்கணக்கான நாய்களிலும் குரங்குகளிலும் ஆய்வு செய்து முடித்தபோது லாரியின் கட்சி. மூச்சே முதலில் நிற்கின்றது. இதயம் பின்னரே நிற்கின்றது என இரண்டாம் குழு முடிவு கூறியது. லாரியிடம் பயின்ற ரூபாபாய் பர்துன்ஜி என்னும் பார்சிப் பெண்மணி, இந்தியாவின் முதல் பெண் மயக்க மருத்துவர்களுள் ஒருவராக விளங்கினார் என்பதையும் நம் மாணவியர் அறிந்திருத்தல் நன்று. அந்த ஆய்வுகளுக்குப் பலியான தெருநாய்களை நினைத்தால் நெஞ்சு உறுத்துகின்றது. அதைவிட உறுத்துவது, அத்தனை உயிர்களும் போன பின்னும் கிடைத்த விடை முழுமையானதன்று என்பதுதான்.

குறை எங்கே இருந்தது? ஐதராபாத்தில் விலங்குகளை ஆழ்ந்த மயக்கத்துக்குக் கொண்டு போயினர். ஆழ்ந்த மயக்கத்தில் உண்மையிலேயே மூச்சுதான் முதலில் ஒடுங்கும். ஆனால், ஹன்னா கிரீனர் போன்றோர் மாண்டது மயக்கத்தின் வாசற்படியில். அரைகுறை நினைவோடு, அச்சம் அடங்காத நிலையில். இதனைக் கண்டறிந்தவர் இலண்டனைச் சேர்ந்த குட்மன் லெவி. 1911இல் அவர் பூனைகளைக் கொண்டு ஆராய்ந்தார். இலேசான குளோரோபாரம் மயக்கத்தில் இருக்கும் பூனையின் குருதியில் அட்ரினலின் சேருமானால், நன்றாகத் துடித்துக் கொண்டிருந்த இதயம் திடீரென ஒழுங்கிழந்து, புழுக் கூட்டம் போல நெளிந்து, நின்றுவிடுகின்றது என்பதைக் காட்டினார். ஆழ்ந்து மயங்கிய பூனைக்கு அவ்வாறு எளிதில் நேர்வதில்லை.

அட்ரினலின் எங்கிருந்து வரும்? அதற்கும் அதே 1911இல், அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், ஹார்வர்டில் விடை கிடைத்தது. அதைச் சொன்னதும் பூனையே. வால்ட்டர் கேனன் என்பவர் தம் உடனாய்வாளருடன், அமைதியாக இருந்த பூனையின் குருதியையும், குரைக்கும் நாயை அருகில் விட்டு அச்சுறுத்திய பின் அதே பூனையின் குருதியையும் எடுத்து ஒப்பிட்டார். அஞ்சிய பூனையின் குருதியில் அட்ரினலின் மிகுந்திருந்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால் பொருள் தெளிவாகும். அச்சம் வெறும் மன நிலையன்று. குருதியில் கலக்கும் ஒரு மருந்து. அஞ்சி நடுங்கும் உயிரை அரைகுறையாக மயக்குவது இரண்டு மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பது போன்றது. அக்காலத்துக் குளோரோபாரத்தோடு சேர்ந்தபோது அது நஞ்சாயிற்று.

ஆகவே, அறுவைக்கு வரும் பூனையை அமைதிப்படுத்துவது செல்லம் கொடுப்பதாகாது. அது மருத்துவம். இந்த உண்மை 1911இலேயே தாளில் ஏறிவிட்டது. சிகிச்சை மேசைக்கு வந்து சேர ஒரு நூற்றாண்டு பிடித்தது என்பதை நினைத்தால் வியப்பாகவே இருக்கின்றது.

இடையில் சட்டங்கள் வந்தன. சில அறுவைகளுக்கு விலங்குகளை மயக்கியே தீரவேண்டும் என 1919இல் பிரிட்டனில் சட்டம் பிறந்தது. புதிய மருந்துகளும் வந்தன. 1934இல் தயோபென்டோன் என்னும் ஊசி மருந்து. 1956இல் ஹேலோத்தேன் என்னும் ஆவி. ஹேலோத்தேனும் அட்ரினலினோடு சேர்ந்தால் இதயத்தைத் தடுமாறச் செய்யும் பழைய குறையிலிருந்து முற்றும் விடுபடவில்லை. பூனையைப் பொறுத்தவரை திருப்பத்தை உண்டாக்கியது கெட்டமின். அமெரிக்காவில் 1962இல் உருவாக்கப்பட்ட இம்மருந்தைத் தசையில் போட்டால் போதும். சீறும் பூனையின் நரம்பைத் தேடிப் போராட வேண்டியதில்லை. ஆனால், தனித்துக் கொடுத்தால் தசைகள் விறைக்கும். கண்கள் திறந்தபடியே இருக்கும். விழித்தெழும்போது கூச்சலும் ஒளியும் பூனையைக் கலக்கும். ஆகவே, வேறு அமைதி மருந்தோடு சேர்த்துக் கொடுத்து, கண்ணுக்குக் களிம்பிட்டு, இருண்ட மூலையில் தெளிய விடுவதே முறையாயிற்று.

பூனையைச் சிறிய நாயென்று எண்ணி மருந்து கொடுத்தவர்கள் பலமுறை தவறினர். அதன் குரல்வளை தொட்டவுடன் சுருங்கி மூச்சை அடைக்கும் இயல்புடையது. அதன் ஈரலுக்குச் சில மருந்துகளை முறித்து வெளியேற்றும் ஆற்றல் மிகக் குறைவு. காய்ச்சலுக்கு நாம் விழுங்கும் பாரசிட்டமால் பூனைக்கு நஞ்சு. அரை மாத்திரையும் கொல்லக்கூடும். அன்பின் மிகுதியால் அவ்வாறு கொடுத்துவிட்டு அழுத தாய்மாரை லயத்தில் நானே கண்டிருக்கின்றேன்.

நம் நாட்டுக்கு வருவோம். தோட்டத்தில் மனிதருக்கு மருத்துவமனையும் டிரெசரும் உண்டு. மாட்டுக்கு வேண்டுமானால் அரசாங்கக் கால்நடைத் துறை உண்டு. மாடு பொருள் அல்லவா! பூனைக்கு யாரும் இல்லை. செர்டாங்கில் 1971இல் வேளாண்மைப் பல்கலைக்கழகம் அமைந்து, கால்நடை மருத்துவத்தை இங்கேயே கற்பிக்கத் தொடங்கிய பின்னரே உள்நாட்டில் பயின்ற மருத்துவர்கள் பெருகினர். சிரம்பான் போன்ற நகரங்களில் செல்லப் பிராணிகளுக்கான சிகிச்சையகங்கள் மெல்லத் தோன்றின. அதே காலத்தில் தோட்டங்கள் கரையத் தொடங்கின. இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு பல இடங்களில் செம்பனையும் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. லயத்தை விட்டு மலிவு விலை அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தவர்கள் பானை சட்டியை ஏற்றிச் சென்றனர். பூனைகள் காலி லயத்தின் படிகளில் உட்கார்ந்திருந்தன. குட்டிகள் பெருகின. பெருகிய குட்டிகளைச் சாக்கில் கட்டிச் சந்தையோரம் விட்டு வந்தவர்களும் உண்டு. கருத்தடை அறுவை செய்திருந்தால் இது நேர்ந்திராது. ஆயினும் பூனையைப் பிடித்து அடைத்து நகரத்துக்குக் கொண்டு போவதை எண்ணியே பலர் அஞ்சினர். பூனையின் அச்சத்தைக் கண்டு தாமும் அஞ்சினர்.

நான் அஞ்சாமல் செய்தேன், தவறாகச் செய்தேன். 1996ஆம் ஆண்டு, ஆசிரியர் பயிற்சி முடித்துப் பணியில் அமர்ந்த புதிது. எங்கள் வீட்டுப் பெண் பூனை மூன்றாம் முறை குட்டி போட்டிருந்தது. குட்டிகள் பால் மறந்த பின், அதனை நகரத்துச் சிகிச்சையகம் ஒன்றுக்கு அறுவைக்குக் கொண்டு சென்றேன். எப்படி? மோட்டார் சைக்கிளில், அதே கோணிச் சாக்கில். வழியெல்லாம் சாக்கு துள்ளியது. மாலையில் திரும்பப் பெற்றுக் கொண்டபோது பூனை முழுதும் தெளியவில்லை. மழை தூறியது. மறுபடியும் சாக்கு. வீட்டுக்கு வந்து சமையலறைச் சிமெண்டுத் தரையில் கிடத்திவிட்டு, மாலை வகுப்புக்குப் போய்விட்டேன். இரண்டு மணி நேரம் கழித்துத் திரும்பியபோது அது குளிர்ந்து கிடந்தது. கத்தியும் மயக்க மருந்தும் கொல்லவில்லை என்றே இன்று எண்ணுகின்றேன்.

அவ்வாறு எண்ணக் காரணம் உண்டு. பிரிட்டனில் நூற்றுப் பதினேழு சிகிச்சையகங்களில் நடத்தப்பட்டு 2008இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, மயக்கத்தோடு தொடர்புடைய சாவு நாய்களில் நூற்றுக்கு 0.17 என்றும், பூனைகளில் 0.24 என்றும் கணக்கிட்டது. உடல்நலமுள்ள பூனையாயின் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒன்று. இவ்விழுக்காடு பெரிதன்று. ஆனால், மாண்ட பூனைகளில் பாதிக்கு மேற்பட்டவை அறுவை மேசையில் மாளவில்லை. அறுவை முடிந்த பிறகே மாண்டன. அவற்றுள்ளும் பல, முதல் மூன்று மணி நேரத்துக்குள். எல்லாரும் 'முடிந்தது' என்று கையை விட்டுவிடும் நேரம் அது. பூனை சிறிய உடல். மயக்கத்தில் விரைவாகச் சூட்டை இழக்கும். சிமெண்டுத் தரையும் நனைந்த சாக்கும் அதற்கு என்ன செய்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்றைய முறை வேறு. 2011இல் அமெரிக்கப் பூனை மருத்துவர் கழகமும் அனைத்துலகப் பூனை மருத்துவக் கழகமும் இணைந்து, பூனையைக் கையாளும் நெறிகளை வெளியிட்டன. பிடரியைப் பற்றித் தூக்காதீர். மேல்மூடி கழலும் பெட்டியில் கொண்டு வருவீர். பெட்டியைத் துண்டால் மூடுவீர். நாய்களின் பார்வையில் வைக்காதீர். கூடுமானால் பெட்டிக்குள் வைத்தே ஊசி போடுவீர் என்பன போன்றவை அந்நெறிகள். வீட்டை விட்டுப் புறப்படும் முன்பே, மருத்துவர் அளவிட்டுத் தரும் கேபபென்டின் மருந்தைக் கொடுத்து அச்சத்தைத் தணிக்கும் வழக்கமும் பரவியுள்ளது. 2019இல் மொன்றியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பூனையின் நோவை அதன் முகத்தைக் கண்டே அளக்கும் முறையொன்றை வெளியிட்டனர். காதின் நிலை, கண்ணின் இறுக்கம், மூக்குவாயின் இறுக்கம், மீசையின் நிலை, தலையின் தாழ்வு ஆகிய ஐந்தே குறிப்புகள். மாணவன் முகத்தைப் பார்த்தே அவன் காலையில் உண்டானா இல்லையா என்று சொல்லும் ஆசிரியருக்கு இது புதிய கலையன்று. நம் நாட்டிலும் 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், விலங்குக்கு வீண் துன்பம் இழைப்பதைக் குற்றமாக்கியுள்ளது.

எங்கள் பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் பெண் பூனை ஒன்று வந்து சேர்ந்தது. சென்ற ஆண்டு அதற்குக் கருத்தடை அறுவை செய்விக்க எண்ணினேன். பெட்டி ஒன்றை வாங்கி, கதவைத் திறந்து, பழைய துண்டு ஒன்றை உள்ளே விரித்து, பண்டக அறையின் மூலையில் வைத்தேன். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி நாள்தோறும் அதனுள் ஒரு துண்டு மீன் வைத்தாள். பத்தாம் நாள் பூனை அதிலேயே உறங்கிக் கொண்டிருந்தது. நான் கதவைச் சாத்தினேன், அவ்வளவுதான். மாலையில் அதனை என் வீட்டுக்குக் கொண்டு வந்தேன். வெந்நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஓரத்தில் வைத்துவிட்டு, விளக்கைக் குறைத்து, பக்கத்தில் அமர்ந்து தேர்வுத்தாள் திருத்தினேன். இரவு பத்து மணியளவில் அது தலையைத் தூக்கி, தள்ளாடி எழுந்து, தண்ணீரை நக்கியது.

எழுபத்தெட்டு வயதான என் தாயார் அறை வாசலில் நின்று நெடுநேரம் பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு, "கத்தவே இல்லையேப்பா?" என்று கேட்டார்.